பத்தொன்பது நாள் இருந்த சிவப்பு ஒயர்

ஒரு மனிதனுக்கு ஒரு பட்டப்பெயர் போதும். எனக்கு மூன்று. முதலாவது ‘மோட்டார் டாக்டர்’. இதை வேறு யாரும் வைக்கவில்லை. நானே வைத்துக்கொண்டு, என் கடைப் பலகையில் நானே பெயின்ட்டால் எழுதியும் மாட்டினேன். இரண்டாவது ‘அவசரக்குடுக்கை’. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அக்கா வைத்தது. இப்போது ஐம்பத்தொன்று ஆகிறது, இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. மூன்றாவது ‘சிவப்பு ஒயர்’. இது வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்குள் மற்ற இரண்டையும் விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது. நான் பட்டறைக்குள் கால் வைத்தால் போதும், யாராவது ஒருவர், “சிவப்பு ஒயர் வருதுப்பா, தள்ளி நில்லுங்க” என்பார். நானும் பல்லைக் காட்டிச் சிரிப்பேன். வேறு என்ன செய்ய? அந்த ஒயர் என் அக்காவின் உயிரோடு பத்தொன்பது நாள் விளையாடியது. அதை மாட்டிய மகானுபாவன் நான்தான்.

அக்கா லேத் டர்னர். இரும்பைச் சுழலவிட்டுச் சீவுகிற வேலை. தொழிற்பயிற்சிப் பள்ளியில் அவள் வகுப்பில் இருபத்திரண்டு பேர். பெண் அவள் ஒருத்திதான். முதல் மதிப்பெண்ணும் அவள்தான். மூன்று வருடம் கழித்து நான் அதே பள்ளியில் எலெக்ட்ரீஷியன் வகுப்பில் சேர்ந்தேன். “அட, நீ அவ தம்பியா!” என்று வாத்தியார்கள் எனக்கு முதல் பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். இரண்டாவது வாரம் நடு பெஞ்சுக்கு வந்தேன். முதல் பரீட்சைக்குப் பிறகு எங்கே உட்கார்ந்தேன் என்று சொல்லத் தேவையில்லை.

என் திறமைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு நான் மாட்டிய முதல் அழைப்பு மணி, யாராவது குளியலறை விளக்கைப் போட்டால் அடித்தது. அப்பா ஒரு மாதம் போய்ப் போய் வாசல் கதவைத் திறந்து பார்த்தார். அக்கா மட்டும், “விடுங்கப்பா, கத்துக்கிட்டு இருக்கான்” என்றாள். அவள் அப்படித்தான். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டலடிப்பாள். அடுத்தவர் அடித்தால் விடமாட்டாள். அவள் வேலை பார்க்கும் பட்டறையில் மோட்டார் வேலை எனக்குக் கிடைத்ததும் அவள் சொல்லித்தான். “என் தம்பி பார்ப்பான்” என்று முதலாளியிடம் சொன்னாளாம். அந்த மூன்று வார்த்தையை நம்பி, அந்த ஆள் பட்டறைச் சாவியையே என்னிடம் கொடுத்தார்.

அக்காவின் லேத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த காரியத்தின் அழகு புரியாது. சாதாரண பழைய லேத்தில் வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் மெஷினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, வேறு புல்லியில் போட வேண்டும். இவளுடையது அப்படி இல்லை. முன்பக்கம் ஒரு கறுப்புத் திருகு இருக்கும், பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் போட்டது. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டுவதுபோல், ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். என்னைவிட வயதில் மூத்த மெஷின், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும்.

அது எப்படி என்று கேட்டால் நான் குஷியாகிவிடுவேன், என் மனைவி எழுந்து போய்விடுவாள். சுருக்கமாகவே சொல்கிறேன். சுவரிலிருந்து வரும் கரண்ட் ஏசி. அந்தக் காலத்து ஏசி மோட்டாருக்கு ஒரே வேகம்தான் தெரியும். டிசி மோட்டார்தான் இஷ்டப்பட்ட வேகத்துக்கு வளைந்து கொடுக்கும். அதனால் இதைச் செய்தவர்கள், ஓர் ஏசி மோட்டாரை வைத்து ஒரு டிசி ஜெனரேட்டரைச் சுற்றவிட்டு, அந்த ஜெனரேட்டர் தரும் கரண்டில் ஒரு டிசி மோட்டாரை ஓடவிட்டு, அந்த மோட்டாரை வைத்து லேத்தின் சக்கைச் சுற்றவைத்தார்கள். சக் என்பது தாடைகளால் இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுழல்கிற தலை. ஒருவர் செய்ய வேண்டிய வேலைக்கு மூன்று பேர். அரசாங்க அலுவலகம் மாதிரிதான், ஆனால் இங்கே வேலை நடக்கும்.

டிசி மோட்டாருக்குள் இரண்டு சங்கதி உண்டு. நடுவில் சுழல்கிற ஆர்மேச்சர். அதைச் சுற்றி அசையாமல் நின்று, காந்தமாகப் பிடித்துவைத்திருக்கிற ஃபீல்டு காயில். ஆர்மேச்சருக்கு வோல்டேஜ் கூடினால் வேகம் கூடும். திருகின் முதல் பாதி, அதாவது ஐந்து வரை, இந்த வேலையைத்தான் செய்கிறது. ஐந்துக்கு மேல்தான் வேடிக்கை. அங்கே வோல்டேஜ் கூடாது, ஃபீல்டுக்குப் போகிற கரண்ட்தான் குறையும். கரண்ட் குறைந்தால் மோட்டார் மெதுவாகும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் பரீட்சையில் எழுதினேன். வாத்தியார் அதை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினார். விஷயம் நேர்மாறு. ஃபீல்டின் பிடி தளரத் தளர ஆர்மேச்சர் வேகமெடுக்கும். பிடி ஒரேயடியாக விட்டுப்போனால் அது தறிகெட்டு ஏறிக்கொண்டே போகும். சக்கின் தாடைகள் பிய்த்துக்கொண்டு பறந்தால்கூட ஆச்சரியமில்லை. டர்னர் நிற்பது அந்தத் தாடைகளிலிருந்து ஒரு முழத் தூரத்தில்.

அதற்காகத்தான் ஃபீல்டு லைனில் ஒரு ரிலே வைத்திருந்தார்கள். இரண்டு தீப்பெட்டியை அடுக்கினால் வரும் அளவு. அதற்கு வேலை ஒன்றே ஒன்றுதான். ஃபீல்டில் கரண்ட் இருக்கும்வரை கவ்விக்கொண்டிருக்கும், கரண்ட் விழுந்தால் ‘டக்’கென்று விட்டுவிடும், அது விட்ட மறுகணம் லேத் நின்றுவிடும்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்த லேத் நின்றுபோனது. மறுபடி ஓட்டினார்கள், மறுபடி நின்றது. மூன்றாவது தடவையும் நின்றதும் முதலாளி எனக்குப் போன் செய்தார். அச்சு எந்திரத்துக்கான எஃகு உருளை மூன்று செய்துகொடுக்க ஒப்புக்கொண்டிருந்த நேரம். அக்கா முதல் உருளையை அப்போதுதான் சக்கில் ஏற்றி, வேகத்தைக் கூட்டி ஓட்டிப் பார்த்திருந்தாள்.

நான் போய்ச் சேர்ந்ததும், “எவ்வளவு நேரம் ஆகும்?” என்றார் முதலாளி.

பார்க்கக்கூட இல்லை, “அரை மணி நேரம்” என்றேன்.

“வந்துட்டான்யா அரை மணி நேரம்” என்றாள் அக்கா. “முதல்ல மூடியைத் திறந்து பாருடா, அவசரக்குடுக்கை.”

திறந்தேன். ரிலேதான் விட்டிருந்தது. ஃபீல்டில் ஏதாவது அறுந்திருக்கிறதா என்று மீட்டர் வைத்து அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி அளந்தேன், மறுபடியும் சரி. ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், நான் மீட்டரைப் பார்த்தேன், அக்கா என்னைப் பார்த்தாள். இங்கேதான் என் மூளை மின்னல் வேகத்தில் வேலை செய்தது. ஃபீல்டு நன்றாக இருக்கிறது, ரிலே விடுகிறது, ஆகவே ரிலே கெட்டுவிட்டது! என்ன ஒரு கண்டுபிடிப்பு!

நான் செய்த தவறு என்னவென்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அளந்த இரண்டு தடவையும் வேகத் திருகு பூஜ்யத்தில் இருந்தது. அதைத் திருப்பிக்கொண்டே அளக்க வேண்டும் என்று ஒரு பச்சைக் குழந்தைக்குத் தெரியும். ஐந்துக்கு மேல்தான் ஃபீல்டு கரண்ட் மாறும், அதைக் கெடுக்கக்கூடியதும் அந்தத் திருகுதான். மோட்டார் டாக்டர், நோயாளியைப் படுக்கவைத்தே நாடி பார்த்துவிட்டு, ஓடச் சொல்லிப் பார்க்காமல் மருந்து எழுதினார்.

ரிலேயைக் கழற்றி என் பைக்குள் போட்டேன். ஃபீல்டு லைனை நேராகச் சேர்த்தேன். ரிலே விட்டால் பிரிந்து லேத்தை நிறுத்துகிற இரண்டு முனைகளையும் ஒரு சாண் சிவப்பு ஒயரால் இணைத்தேன். இனி ஃபீல்டு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, ‘எல்லாம் நலம்’ என்று லேத் நம்பிக்கொண்டிருக்கும். எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது இப்படி ஓர் ஒயரைப் போட்டிருப்பார்கள். போடும்போது எல்லோரும் சொல்லிக்கொள்வது ஒரே வாக்கியம்: இன்றைக்கு மட்டும்.

“என்னடா கோளாறு?” என்று அக்கா கேட்டாள்.

“ரிலே போயிடுச்சு. புதுசு வாங்கி மாட்டிடறேன். அதுவரைக்கும் கவலையில்லாம ஓட்டு.”

“பார்த்துட்டல்ல?”

“நான் பார்த்தா பார்த்த மாதிரிதான்க்கா.”

லேத் ஓடியது. முதலாளி என் முதுகில் தட்டி டீ வரவழைத்தார். நான் கடைக்கு வந்து, ‘லேத் சிவப்பு ஒயர், எடுக்கணும்’ என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மறுநாள் புது நாள்காட்டி ஒன்று கிடைத்தது. ஆணி அடிக்கச் சுவரில் சரியான இடம் தேடினேன். துண்டுத் தாளுக்கு மேலேயே அடித்தேன்.

அதன்பிறகு இரண்டு பம்பு மோட்டார், ஒரு மாவு மெஷின், ஊர்ப்பட்ட மின்விசிறிகள். லேத் என் நினைப்பிலேயே இல்லை. தவறு, இருந்தது; பெருமையாக இருந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம், “எல்லாரும் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க, நான் போய் ஒரே மணி நேரத்துல கண்டுபிடிச்சேன்” என்று அளந்துகொண்டிருந்தேன்.

பத்தொன்பது நாள் ஓடிவிட்டது. சனிக்கிழமை காலை. அக்கா வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். அவர் தையல்காரர், அதிகம் பேசமாட்டார், பேசினால் ஊசியில் நூல் கோப்பதுபோல் நேராகப் போய் இறங்கும். சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, சுற்றாமல் நின்றுபோன ஒரு மேஜை மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்தார்.

“உங்க அக்கா இன்னைக்கு மூணாவது உருளையை முடிக்கிறா” என்றார். “பதினொரு மணிக்கு கடைசி சீவல்னு சொன்னா. காலையில இருந்து ஒரே பரபரப்பு.”

லேத் பேச்சு வந்ததும் எனக்கு நாக்கு அரித்தது. “அந்த லேத் நின்னுபோன கதை தெரியுமா மாமா உங்களுக்கு?” என்று ஆரம்பித்தேன். முழுக்கச் சொன்னேன். நடுநடுவே கொஞ்சம் மசாலாவும் தூவினேன். கடைசியில், “இருங்க, அந்தச் செத்துப்போன ரிலேயையே காட்டறேன்” என்று பெட்டியைக் கிளறி எடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். செத்ததைச் செத்ததென்று நிரூபித்துக்காட்ட ஆசை வந்துவிட்டது. மேஜையில் வைத்து டிசி சப்ளையில் இணைத்தேன்.

“இப்ப பாருங்க மாமா. கரண்ட் கொடுக்கிறேன். நல்ல ரிலேன்னா கவ்வணும். இது கவ்வாது.”

கரண்ட்டை ஏற்றினேன். டக். கவ்வியது.

குறைத்தேன். டக். விட்டது.

மறுபடி ஏற்றினேன். கவ்வியது. எந்தக் கரண்டில் கவ்வ வேண்டும், எதில் விட வேண்டும் என்று அதன் வயிற்றிலேயே எழுதியிருந்தது. மீட்டரைப் பார்த்தேன். ஒரு இம்மி பிசகவில்லை. பத்து தடவை செய்தேன், பத்து தடவையும் டக், டக்.

“நல்லாத்தானே இருக்கு?” என்றார் மாமா.

“ம்.”

“இது நல்லா இருந்தா, அப்ப கெட்டுப்போனது எது மாப்ள?”

மூன்று தடவை அந்த ரிலே லேத்தை நிறுத்தியது. மூன்று தடவையும் அது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. ஃபீல்டு நிஜமாகவே எங்கேயோ விட்டுப்போகிறது. அதைச் சொன்னவன் வாயைக் கட்டி நான் கடைக்கு எடுத்துவந்துவிட்டேன். அங்கே அக்கா கடைசி சீவலுக்கு நிற்கிறாள். கடைசி சீவல் என்றால் மெதுவாக ஓட்டமாட்டாள். இருபத்திரண்டு வருடமாக மெருகு வேலைக்கு அவள் வைக்கிற எண் ஏழு. ஏழு என்றால் ஃபீல்டின் பிடி பாதி தளர்ந்த நிலை. கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று அடிக்க எட்டு நிமிடம்.

அக்காவுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் அவள் போன் சாப்பாட்டுப் பையில், பை அலமாரியில், அலமாரிக்குப் பூட்டு. முதலாளிக்குச் செய்தேன். அவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

“மாமா, உங்க சைக்கிள்” என்றேன்.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல மாமா, ஒண்ணுமில்ல” என்று கத்திக்கொண்டே ஏறினேன். ஒன்றுமில்லை என்று அப்படிக் கத்துகிறவனை யார் நம்புவார்கள்?

மாமா ஆறடி. நான் அவ்வளவு இல்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டவில்லை, நின்றுகொண்டே மிதித்தேன். முதல் திருப்பத்தில் ஒரு செருப்பு போனது. இரண்டாவது திருப்பத்தில் பால் வண்டிக்காரர் என் பரம்பரையையே விசாரித்தார். இருபது வருடமாக உடற்பயிற்சி என்றால் ஸ்குரூ டிரைவரைத் திருப்புவதுதான் என்று இருந்தவன். மூச்சு தொண்டைக்கு மேலே வந்து நின்றது. வழி நெடுக ஒரே எண்ணம்தான். அவள் “பார்த்துட்டல்ல?” என்று கேட்டாள். நான் “பார்த்த மாதிரிதான்” என்றேன். கடவுளே, நான் பார்க்கவே இல்லை.

பட்டறைக்குள் நுழைந்தபோது லேத் ஓடிக்கொண்டிருந்தது. அந்த உறுமல் எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்தைத் தாண்டிவிட்ட சத்தம். அக்கா தலையில் துணியை இறுக்கக் கட்டி, கண்ணாடி போட்டு, உருளையின் மேல் குனிந்திருந்தாள். சீவுகிற டூல் இரும்பைத் தொட்டுவிட்டது. பளபளவென்று தாள் மாதிரி சுருள் வந்துகொண்டிருந்தது. அவள் இடது கை கறுப்புத் திருகின் மேல் இருந்தது.

“அக்கா!” என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. கிட்டே போய்ச் சொல்ல நேரமில்லை. சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

மொத்தப் பட்டறையும் அணைந்தது. ட்ரில்லிங் மெஷின், கிரைண்டர், மின்விசிறி, எல்லாம். லேத்தின் மூன்று பேர் படையும் ஊளையிட்டுக்கொண்டே மெல்ல மெல்ல அடங்கியது. அப்புறம் வந்த அமைதியில் அக்கா நிமிர்ந்தாள். உருளையைப் பார்த்தாள். கடைசி சீவல் என்பது இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிற்காமல் ஒரே ஓட்டமாகப் போக வேண்டும். நின்ற இடத்தில் டூல் ஒரு வளையக் கோடு கீறியிருந்தது. விரல் நகத்தை வைத்துத் தடவினாள். நகம் அதில் மாட்டியது. அச்சு உருளையில் நகம் மாட்டினால் அது உருளை இல்லை, இரும்புக் கடைக்குப் போகிற சாமான்.

“எவண்டா அது மெயினை இழுத்தது?” என்றாள். நான் ஒற்றைச் செருப்போடு நின்றேன். “நீயா? அறிவிருக்காடா உனக்கு? ஆறு நாள் வேலை இது!”

முதலாளியும் ஓடிவந்தார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். இப்போது நான் செய்ததையும் மறைக்காமல் சொல்கிறேன்.

“மெயின் பெட்டியில புகை வாசனை வந்துச்சுக்கா” என்றேன். “தீ பிடிச்சிருக்கும். அதான்...”

எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது! முதலாளி உடனே பெட்டியை முகர்ந்து பார்த்து, “ஆமா, லேசா வருது” என்று வேறு சொன்னார். ஒரு வாரம் கழித்து யாருக்கும் தெரியாமல் ரிலேயை மாட்டிவிட்டால் போதும். என் பெயர் பிழைத்துவிடும். தீயிலிருந்து பட்டறையைக் காப்பாற்றியவன் என்று இன்னொரு டீயும் கிடைக்கும்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். கோபம் அவள் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்தேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் கிட்டே வந்தாள். என் வெறுங்காலைப் பார்த்தாள்.

“ஓடியா வந்த?” என்றாள். “உருளை போனா போகட்டும், இன்னொண்ணு செஞ்சுக்கலாம். நல்லவேளைடா நீ இருந்த.”

அவள் திட்டிக்கொண்டே இருந்திருந்தால் நான் அந்தப் பொய்யோடு இன்று வரைக்கும் நிம்மதியாக இருந்திருப்பேன். அப்படிப்பட்ட ஆள்தான் நான். ஆனால் ‘நல்லவேளை நீ இருந்த’ என்பதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லார் முன்னாலும், ஐம்பது வயதுக்கு நெருங்கிய ஆண்பிள்ளை, மூக்கைச் சிந்திக்கொண்டு.

“புகை எல்லாம் இல்லக்கா” என்றேன். “அந்த ரிலே நல்லாத்தான் இருக்கு. நான் சரியா பார்க்கல. உன் ஃபீல்டு எங்கேயோ விட்டுப்போகுது. அதைச் சொல்லவேண்டிய ரிலேயைக் கழட்டிட்டு நான் ஒயரைப் போட்டு வச்சிருக்கேன். நீ ஏழுல வச்சிருந்தா...”

அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டர்னருக்குத் தெரியாதா? அவள் போய் மூடியைத் திறந்தாள். சிவப்பு ஒயர் உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது.

“எத்தனை நாளா இருக்கு இது?”

“பத்தொன்பது.”

முதலாளி என்னைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். நியாயமான வார்த்தைகள்தான். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

“இந்தப் பத்தொன்பது நாள்ல ரெண்டு தரம் துள்ளுச்சுடா” என்றாள் மெதுவாக. “முதல் உருளைக்கு ஒரு தரம், ரெண்டாவதுக்கு ஒரு தரம். ஏழுகிட்ட வைக்கிறப்ப, திடீர்னு ஒரு ஏத்தம். கை வழியாவே தெரிஞ்சுது. திருகை லேசா நகர்த்தினேன், அடங்கிடுச்சு. எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. நிறுத்திடலாமான்னு பார்த்தேன்.”

“அப்புறம் ஏன்க்கா நிறுத்தல?”

“நீதான் பார்த்துட்டேன்னு சொன்னியே.”

இதை அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால் தேவலாம் என்று இருந்தது. அதற்கும் என்னிடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அப்போதுதான் மாமா வந்து சேர்ந்தார், வியர்க்க விறுவிறுக்க, மின்விசிறியை அக்குளில் இடுக்கிக்கொண்டு. எதற்காக அதையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார் என்று இன்றுவரை அவருக்கும் தெரியாது. அக்காவைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார். பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மற்றொரு கையில் என் செருப்பு இருந்தது.

அன்று பிற்பகல் மோட்டாரிலிருந்து சக்குக்குப் போகிற பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பழைய ரிலேயை அதன் இடத்தில் மாட்டி, லேத்தை வெறுமனே ஓட்டினோம். அக்காவே திருகைத் திருப்பினாள். ஐந்து, ஆறு, ஆறரை, ஏழு. டக். நின்றது. மறுபடி ஓட்டினாள். ஏழு. டக். திருகைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே கம்பிச் சுருளின் மேல் ஒரு கை நகரும். அந்தக் கை எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்துத்தான் ஃபீல்டுக்குப் போகிற கரண்ட். இருபத்திரண்டு வருடமாக அவள் ஏழிலேயே வைத்துவைத்து, அந்த இடத்தில் மட்டும் இரண்டு சுற்றுக் கம்பி கருகித் தேய்ந்து அறுந்திருந்தது. கை அதன் மேல் போகும்போதெல்லாம் ஃபீல்டு விட்டுப்போகும். கண்ணால் பார்த்தாலே தெரிகிற கோளாறு. பத்தொன்பது நாள் முன்பு நாலு திருகாணியைக் கழற்றியிருந்தால் பார்த்திருப்பேன். உண்மையிலேயே அரை மணி நேர வேலை.

புதுக் கம்பிச் சுருள் வந்து மாட்டி முடிக்க ஐந்து நாள் ஆனது. மாட்டிவிட்டு, பூஜ்யத்திலிருந்து பத்துவரை மீட்டரில் அளந்தேன், போகும்போதும் வரும்போதும். “ஆச்சுக்கா, ஓட்டலாம்” என்றேன்.

“ஓட்டு” என்றாள்.

“நானா?”

“நீதானே மாட்டின? அப்ப நீதான் முதல்ல நிக்கணும். என் இடத்துல நில்லு.”

எனக்கு லேத் ஓட்டத் தெரியாது. சக்கின் எதிரே, அவள் இருபத்திரண்டு வருடமாக நின்று நின்று தரையில் பள்ளம் விழுந்த இடத்தில் போய் நின்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டாள். சக் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மூடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒயர் மாட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும்? திருகைத் தொடாமல் கண்ணாடியையே மூன்று தடவை சரிசெய்துகொண்டேன். சுற்றி நின்றவர்கள் ரொம்ப ரசித்தார்கள். எவனோ ஒருவன், “சிவப்பு ஒயரு, தைரியமா ஓட்டு” என்று குரல் கொடுத்தான். பெயர் அன்றைக்கு ஒட்டியதுதான்.

அதன்பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அந்தப் பட்டறையில் எந்த மெஷினில் நான் கை வைத்தாலும், முடித்ததும் அதை ஓட்டுகிறவர் நிற்கிற இடத்தில் நான்தான் முதலில் நின்று முழு வேகம்வரை ஓட்டிக்காட்ட வேண்டும். இந்த இரண்டு வருடத்தில் என் வேலை சுத்தமாகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சுத்தமாகாமல் என்ன செய்யும்? மூஞ்சி என்னுடையது அல்லவா?

ஆனால் அந்த முதல் தடவையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். திருகை மெல்லத் திருப்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தைத் தாண்டும்போது சத்தம் மாறியது. ஆறு. ஏழில் என் கை நின்றுவிட்டது. நகர மறுத்தது. பயந்துபோய் அக்காவைத் தேடினேன். பக்கத்தில் இல்லை. தலையைத் திருப்பிப் பார்த்தால், சுவரோரம் போய் நின்றிருந்தாள். கண் என் மேலேயே இருந்தது. சிரிக்கவில்லை.

“போ, போ. நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்” என்றாள்.

எட்டு, ஒன்பது, பத்து. அப்புறம் அதே வழியில் திரும்பிப் பூஜ்யம். சக் சுற்றி ஓய்ந்து முழுக்க நிற்கும்வரை, அவளுடைய இரண்டு கையும் மெயின் சுவிட்சின் பிடியை விடவே இல்லை.